புரட்டாசியில் காணாமல் போன விரால்

அப்பாசாமி அண்ணன் காஜா பெராங்கிலிருந்து பத்து பெரெண்டாமுக்குத் தினமும் சைக்கிளில் போவார். அங்கே மீன் ஆராய்ச்சிக் குளங்களில் அவருக்கு வேலை. அதே அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்தேன். கோலாலம்பூரில் சுதந்திரக் கொடி ஏறி ஓராண்டு ஆகியிருந்தது.

குளங்களில் வளர்த்தது ஜப்பான் மீன். ஜப்பான்காரன் காலத்தில் வந்ததால் அந்தப் பெயர். பெருமழையில் அது வரம்பு தாண்டிப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஓடைக்குப் போய்விடும். ஓடையில் தானாகப் பிறந்து வளரும் விரால், அதனோடு சேர்ந்து பிழைக்குமா? இதைக் கண்டறிய அரசு ஓராண்டுக்குப் பணம் ஒதுக்கியிருந்தது. அண்ணனின் வேலையும் அந்த ஓராண்டுக்குத்தான்.

பங்குனியில் அவர் இருநூறு விரால்களைப் பிடித்து, வயிற்றுத் துடுப்பு ஒன்றை நறுக்கி, திரும்ப ஓடையில் விட்டார். நறுக்கும்போது ஈரத்துணியால் மீனின் கண்ணை மூடுவார். "பார்த்தா பயப்படும்" என்பார். பிறகு தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாகப் போய், அப்படிப்பட்ட விரால் தூண்டிலில் சிக்கினால் காட்டும்படி கேட்டுக்கொண்டார். அளந்துவிட்டு மீனைத் திருப்பிக் கொடுப்பார். கூடவே ஒரு சவுக்காரக் கட்டி.

"சவுக்காரக்காரரே, இதுக்கு அரைத் துடுப்புதான் போயிருக்கு. அரைக்கட்டியாவது கிடைக்குமா?" என்று பால்வெட்டும் சீதா வம்புக்கு இழுப்பாள்.

"அரைக்கட்டியில அரை முகந்தான் கழுவலாம், பரவாயில்லையா?"

வாரத்துக்கு மூன்று, நான்கு என்று வந்துகொண்டிருந்தது. திடீரென நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம், ஒன்றுகூட வரவில்லை. அண்ணனும் தாளில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை என்னிடம் கோலாலம்பூருக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். ஓடையில் விரால் அழிந்துவிட்டது, ஆய்வைத் தொடரத் தேவையில்லை என்று அதில் இருந்தது. அடித்து முடித்ததும் மனம் கேட்காமல் குளக்கரைக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன்.

"அழிஞ்சிடுச்சா? யாரு சொன்னா?"

"ஒண்ணுகூட வரலையே, அண்ணே."

"புரட்டாசியில யாரு தூண்டில் போடுவா, தங்கச்சி?"

எனக்கு முகம் சுட்டது. எங்கள் வீட்டிலும் அந்த மாதம் முழுக்கச் சாம்பார்தான்.

"இதை ஏன் துரைகிட்ட சொல்லல?"

"இதையெல்லாம் ஒருத்தருக்குச் சொல்லணுமா? ஊருக்கே தெரியுமே."

துரைக்குத் தெரியாது. அண்ணன் கால் கழுவிக்கொண்டு வந்து அவர் முன் நின்றார். அவர் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். துரை சுவர் நாள்காட்டியைப் பார்த்தார். புரட்டாசி முடிய இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார்.

"ஒன்பது நாள்ங்க."

கடிதம் மேசை இழுப்பறைக்குள் போனது.

அந்த ஒன்பது நாளில் அண்ணன் லயங்கள் பக்கமே போகவில்லை. போனால் யாரையாவது தூண்டில் போடச் சொல்லிவிடுவோமோ என்று பயம். அவர் மனைவி அஞ்சலை அக்கா குழாயடியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "விரால் பிழைச்சிருக்கணும்னு பெருமாள்கிட்ட வேண்டிக்கிட்டேன். இவரு வேலைக்குன்னு கேக்க வெக்கமா இருந்துச்சு."

ஐப்பசி பிறந்த அன்று விடியும்போதே ஓடைக்கரையில் கூட்டம். ஒரு மாதம் வாய் கட்டியிருந்தவர்கள் அல்லவா! நண்பகலுக்குள் துடுப்பு நறுக்கிய விரால் பதினொன்று வந்தது. அண்ணன் ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்தார். முன்பைவிடக் கொழுத்திருந்தன. சீதா கொண்டுவந்த விரால் தொட்டியிலிருந்து துள்ளி அவர் சட்டையை நனைத்தது.

"செத்த மீனு எப்படி குதிக்குது பாருங்க" என்றாள் சீதா.

துரை பழைய கடிதத்தைக் கிழித்தார். விரால் இருக்கிறது, ஆனால் இன்னும் ஓராண்டு பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று புதிய கடிதம் அடித்தேன்.

பணம் நீட்டிக்கப்பட்டதாக மார்கழியில் பதில் வந்தது. தாளை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்கு ஓடினேன். அண்ணன் கையில் ஒரு விரால் இருந்தது. அதை மெல்லத் தண்ணீரில் விட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ஒரு வருசமா?"

"முழுசா ஒரு வருசம், அண்ணே."

ஈரக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அஞ்சலைகிட்ட நானே சொல்லிக்கிறேன், தங்கச்சி. நீ முந்திக்காதே."

அன்று மாலை அவர்கள் வீட்டு வழியே போகாமல் சுற்றிப் போனேன்.