நடுவில் வைத்த சிவப்பு

பிடித்த துணி எதையும் நான் தூக்கிப் போட்டதில்லை. ரவிக்கை தைத்து மிஞ்சியது, பாவாடை கிழிந்து எஞ்சியது எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்ட்டுகளைத் தேடிய அவசரகாலத்தில், கோல சிலாங்கூர் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாலை ஆறு மணிக்கே முள்வேலிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்துக்குள் அடைந்து கிடந்த அந்த நேரத்தில்தான் டின்னைக் கவிழ்த்து, ஒட்டுப்போர்வை தைக்க உட்கார்ந்தேன்.

நடுவில் சிவப்பு வைத்தேன். என் வீட்டுக்காரர் பதறிப்போனார்.

"சிவப்பு வேணாம். கம்யூனிஸ்ட்டுக் கொடின்னு போலீஸ்காரன் பிடிச்சிட்டுப் போயிடுவான்."

"அப்போ என் நெத்திப் பொட்டையும் அழிச்சிடட்டுமா?" என்றேன்.

அடுத்த வாரமே சோதனை வந்தது. எல்லாரையும் லயத்து வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு போலீஸ்காரர் எங்கள் போர்வையை வெளியே கொண்டுவந்து விரித்தார். சிவப்பில் விரலை வைத்து, இது யார் துணி என்று மலாயில் கேட்டார். வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னுது," என்றேன்.

"என்னுதும்தான்லா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அப்புறம் வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அந்த வருஷத் தீபாவளிக்குத் தோட்டத்துக் கடைக்கு வந்தது அந்தச் சிவப்புத் துணி ஒன்றுதான். லயம் முழுக்க அதில்தான் ரவிக்கை. மிச்சத் துண்டுகளை வீடு வீடாகப் போய் நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன்.

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். வீட்டையே கலைத்துப் போட்டவர், போர்வையை மட்டும் மடித்து என் கையில் கொடுத்தார்.

அன்றிலிருந்து சிவப்பு தன் நெஞ்சு மேல் வரும்படி வீட்டுக்காரர் இழுத்துப் போர்த்திக்கொள்வார். தைத்த எனக்கு ஓரம்தான் மிஞ்சியது.