தாளில் குதிரைக்குப் போக மிச்சம்

அந்த வாரம் தெருவில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு இதுதான்: தையல்காரியின் தம்பி போர்முனையில் செத்துப்போய்விட்டான், அவன் பெயரில் வருகிற கடிதங்களை அவனுடைய குதிரைதான் எழுதுகிறது.

பின்பாதியைக் கிளப்பிவிட்டவர் மளிகைக்கடைக்காரர். அவருக்கு வியாபாரம் மந்தம். முன்பாதி தபால்காரருடையது. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைசியாக வந்த இரண்டு உறைகளிலும் கையெழுத்து வேறாக இருந்தது என்றார். நாள் முழுக்க முகவரி படிக்கிற கண், அதோடு யார் வாதாடுவது?

சரிபார்க்காமல் விடுகிற வதந்தியா இது? தையல்காரி வெட்டுமேசையிலிருந்த கால்சட்டைத் துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, தம்பியின் ஒன்பது கடிதங்களையும் வரிசையாகப் பரப்பினாள். முதல் ஏழில் எழுத்து அணிவகுப்பில் நிற்பதுபோல் விறைத்து நின்றது. கடைசி இரண்டில் இடப்பக்கம் சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டு கிடந்தது. தபால்காரர் சொன்னது உண்மைதான். விஷயம் மட்டும் ஒன்பதிலும் மாறவேயில்லை. குதிரை, குதிரை, குதிரை.

காரணம் இல்லாமல் இல்லை. குதிரைப்படையில் சேர்ந்த முதல் நாளே அவன் மண்டையில் ஒரு வரிசைமுறையை ஏற்றியிருந்தார்கள். சவாரி முடிந்ததும் சேணத்தை இறக்கு, முதுகைத் துடை, நாலு குளம்பையும் தூக்கிக் கல் மாட்டியிருக்கிறதா என்று பார், தண்ணீர் காட்டு, தீவனம் வை. இத்தனையும் ஆன பிறகுதான் ஆள் உட்காரலாம். அந்தப் புண்ணியவான் கடிதத்தையும் அதே வரிசையில் எழுதினான். முதுகுக்கு ஆறு வரி, காலுக்கு ஒரு வரி வீதம் நாலு வரி, பிறகு தண்ணீர், தீவனம். ஒரு சிப்பாய்க்கு ஒரு தாள்தான் கணக்கு. இவன் முறை வருவதற்குள் தாள் தீர்ந்துவிடும். ஒன்பதாவது கடிதத்தில், மகாராணி (குதிரைக்கு அவன் வைத்த பெயர்) லேசாக நொண்டுகிறாள் என்று விளக்கமாக எழுதிவிட்டு, மூலையில் ‘நானும்’ என்று தொடங்கியிருந்தான். அத்தோடு காகிதம் முடிந்தது. அவனும் என்ன? நலமா, நொண்டுகிறானா?

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகள் வாசிக்க வாசிக்க, நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

“அவன் சாப்பிடறானாமா?”

“குதிரை சாப்பிடுதாம்மா. ஒரு பருக்கை மிச்சம் வைக்கறதில்லையாம்.”

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் எழுதினாள். உன் குதிரை எனக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. யார் உனக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், உன் கைக்கு என்ன ஆயிற்று, அதை முதல் வரியில் சொல். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது, அதே சாய்ந்த எழுத்தில். நீ கேட்டதற்குக் கடைசியில் வருகிறேன் அக்கா என்று ஆரம்பித்திருந்தான். கடைசி வரவேயில்லை. குளம்பில் வெடிப்பு வந்துவிட்டது.

இதற்குள் பேச்சு குழாயடிக்குப் போய், அங்கிருந்து அம்மா காதுக்கும் போயிருந்தது. அம்மா அழவில்லை. அந்தக் கடிதத்தை வாசித்தபோது வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். மகளுக்குக் கை ஓடவில்லை. அன்று ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கையை வைத்துத் தைத்தாள்.

பிரித்துத் தைக்கும்போதுதான் யோசனை வந்தது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, சரியாகப் பாதியில் குறுக்கே சிவப்பு நூலால் ஒரு தையல் ஓட்டினாள். மேலே ‘நீ’ என்று எழுதினாள், கீழே ‘அது’ என்று எழுதினாள். நூலைத் தாண்டினால் இனி உனக்கு அக்காவே கிடையாது என்று துண்டுச்சீட்டும் வைத்து அனுப்பினாள்.

ஐந்து வாரம் போயிற்று. தாள் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பாவி, தாளைத் தலைகீழாகத் திருப்பிக் குதிரையின் பாதியை மேலே கொண்டுவந்துவிட்டான். ஆனால் நூலைத் தாண்டவில்லை. நூலுக்குக் கீழே அவன் இருந்தான். அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்தாள்.

‘வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது அக்கா. அதிலிருந்து இடது கையால் நானேதான் எழுதுகிறேன். விழுந்ததும் சேணத்து வாரில் முழங்கையை மாட்டிக்கொண்டேன். மகாராணிதான் முகாம்வரை இழுத்துவந்தாள். ஓடவில்லை, நடந்தே வந்தாள். இரண்டு கட்டி சர்க்கரை தருகிறேன் என்று வழியெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். இங்கே சர்க்கரை இல்லை. நீ அனுப்பு. விரல் ஐந்தும் இருக்கிறது. சாப்பிடுகிறேன்.’

அம்மா கடைசி வார்த்தையை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, “ரெண்டு எதுக்கு, நாலா அனுப்பு” என்றாள்.

“அனுப்பு, அனுப்பு. அது தின்னு கொழுக்கட்டும். அதைப் பத்தி இன்னும் பத்து வரி எழுதுவான்.”

சொன்னாளே தவிர, மறுநாள் காலையில் தபால் நிலையத்தில் முதல் ஆளாக நின்றாள். பொட்டலம் யாருக்கு என்று குமாஸ்தா கேட்டார். தம்பிக்கு என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மூன்று மாத எரிச்சல் வாயைத் திறந்துவிட்டது, குதிரைக்கு என்றாள். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். போர்முனை விலங்குகளுக்குத் தீவனம் அனுப்புவதென்றால் கால்நடை மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்றார். இவள் பொட்டலத்தைத் தம்பி பெயருக்கே மாற்றிக்கொள்கிறேன் என்றாள். உள்ளே குதிரைக்கானது இருக்கிறதென்று தெரிந்த பிறகு எப்படியம்மா மாற்றுவது என்று அவர் வருத்தத்தோடு கேட்டார்.

கால்நடை மருத்துவர் நல்ல மனிதர்தான். சிரிக்கவில்லை, விரட்டவில்லை.

“கையெழுத்துப் போடறதுக்கு எனக்கென்னம்மா. குதிரையை ஒரு தடவை கூட்டிட்டு வந்து காட்டிடுங்க.”

இப்போது தெருவில் யாரும் அவனைச் செத்தவன் என்று சொல்வதில்லை. மளிகைக்கடைக்காரர் குதிரையை மரியாதையாக விசாரிக்கிறார். சர்க்கரையை எடைபோட்டுக் கொடுத்தவர் என்ற முறையில் அவருக்கு அதில் பாத்தியதை உண்டாம். நாலு கட்டியும் எறும்புக்குப் பயந்து பொத்தான் டப்பாவில் மூடிக் கிடக்கின்றன. தம்பியின் கை சேர்ந்துவிட்டது, எழுத்து மறுபடி விறைத்து நிற்கிறது. போன வாரம் வந்த கடிதத்தில் முதுகும் நாலு காலும் தண்ணீரும் தீவனமும் முடிந்த பிறகு ஒரு வரி இருந்தது: சர்க்கரை இன்னும் வரவில்லை அக்கா, மகாராணி தினமும் என் சட்டைப்பையை முகர்ந்து பார்க்கிறாள்.