திரும்பி வந்த ஜாதகம்

மூணு மாசமாக நானும் அப்பாவும் பேசிக்கொண்டது "சாயா வேணுமா?", "வேணும்" என்கிற அளவில்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சமூகத்து வரன் பதிவு ஆபீஸில் அப்பா பதிந்திருந்த என் ஜாதகத்தை எடுக்கச் சொல்லி, சண்டை போட்டு, அவர் கையெழுத்தையும் வாங்கியிருந்தேன். சந்தை மாடு மாதிரி என்னைக் கொண்டு நிறுத்தினாரே என்று அப்படியொரு கோபம். நானே முதலில் பேசிவிட ஆசைதான், வீம்பு விடவில்லை.

காக்கநாட்டில் டேட்டாபேஸ் பார்க்கிற வேலை என்பதால், அந்த ஆபீஸின் ஒரே கம்ப்யூட்டரும் என் தலையில்தான். வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்தரைக்குத் தானாக பேக்கப் ஆகும்படி செய்து வைத்திருந்தேன். போன மாசம் அதன் ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டது. பேக்கப்பைத் தேடினால் ஒன்றே ஒன்று, அதுவும் ஆறு மாசப் பழசு.

"என்ன மாமா இது?" என்றேன் செக்ரட்டரி மாமாவிடம்.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலமாச்சே, கொழந்தே. ஜாதகத்தைத் தொடலாமோ? பன்னெண்டு வரைக்கும் அணைச்சு வெச்சுடுவேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"படிச்ச பொண்ணு, வருத்தப்படுவியேன்னுதான்..."

அந்த ஒரு பேக்கப்கூட, மாமா பாலக்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன வெள்ளியன்று, அணைக்க ஆளில்லாமல் எடுபட்டது. அந்தத் தம்பதிகள் நன்றாக இருக்கட்டும்! மாமாவை மட்டும் சொல்லி என்ன? வேலையிடத்தில் பேக்கப்பைச் சரிபார்க்காதவர்களை வறுத்தெடுக்கிற நான், இங்கே ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இருந்ததை மீட்டேன். புதிதாகப் பதிந்தவர்களின் படிவங்கள் ஃபைலில் இருந்தன, மாமா மறுபடி தட்டிக்கொள்ளலாம். ஆனால் கல்யாணமாகிப் போன பெண்களெல்லாம் கன்னிகளாகத் திரும்பி வந்துவிட்டார்கள். கூடவே நானும்.

"அடடே, நீயும் வந்துட்டயே!" மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

உடனே அழிக்கத்தான் என் பக்கத்தைத் திறந்தேன். முன்பு இருந்தபோது அந்தப் பக்கத்தை வீம்புக்குத் திறந்ததே இல்லை. கடைசிக் கட்டத்தில், 'பெண்ணைப் பற்றி' என்ற இடத்தில், அப்பா எழுதிக் கொடுத்ததை மாமா அப்படியே அடித்திருந்தார்:

'கோபக்காரி. நியாயத்துக்குத்தான் கோபப்படுவாள். சமையல் வராது. அவளுக்குப் பிடித்தால் மட்டும் மேற்கொண்டு பேசவும். வற்புறுத்த மாட்டோம்.'

ஐயோ என்றாகிவிட்டது எனக்கு. அங்கிருந்தே அப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

"என்னைக் கோபக்காரின்னா எழுதிக் கொடுத்தே?"

"பொய்யா எழுதச் சொல்றே? வர்ற பையனும் பாவம் இல்லையா?"

சிரித்துவிட்டேன். அந்தப் பக்கமும் சிரிப்பு கேட்டது.

"இது திரும்பி வந்திருக்குப்பா. அழிச்சுடட்டுமா?"

"அழி, அழி. நீ எங்கேயும் போகலைன்னா நேக்கென்ன நஷ்டமா?"

மாமா பார்க்காதபடி முகத்தைத் துடைத்துக்கொண்டு அழித்தேன்.