மச்சானுக்குத் துளை, எனக்குக் கீறல்

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலை. நானும் என் மனைவியின் அண்ணனும் அங்கே ஒரே ஷிப்ட். ஆலையின் வாலிபால் அணியிலும் சேர்ந்தே ஆடினோம். மச்சான் பந்தை எடுத்துக் கொடுப்பார், நான் எகிறி அடிப்பேன். செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம்.

என் வலது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் வெளியே தள்ளும். கூச்சத்தோடு மச்சானிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"எனக்கு ரெண்டு பக்கமும் கீது மாப்ள. யார்கிட்டயும் சொல்லாம சுத்திக்கினு இருக்கேன்."

இருவரும் திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். குடலிறக்கம் என்றார் டாக்டரம்மா. மச்சானுக்கு லேப்ராஸ்கோபி, எனக்குக் கீறித் தைப்பது. என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா டாக்டர், எங்க அண்ணனுக்குப் புது மாதிரி, இவருக்கு மட்டும் பழைய மாதிரியா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரெண்டுலயும் குடல் வெளிய தள்ளாம இருக்க உள்ள வெக்கிறது வலைதாம்மா. உங்க அண்ணனுக்கு ரெண்டு பக்கமும் இருக்கு. சின்னச் சின்னத் துளை வழியா ஒரே தடவைல முடிச்சிடலாம். ஆனா முழு மயக்கம் குடுக்கணும். உங்க வீட்டுக்காரருக்கு வீசிங் இருக்கு. முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போக வெச்சா போதும். இவருக்கு இதுதான் நல்லது."

ஆபரேஷன் முடிந்த மறுநாளே மச்சான் எழுந்து நடந்து என் கட்டிலருகே வந்து நின்றார். எனக்கோ இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அமுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் எனக்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார். பொறாமையாகத்தான் இருந்தது. பொன்னேரியில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் மெல்ல மெல்ல நடந்து பழகினேன். வலி தேய்ந்தது. ஒரு பரிசோதனையின்போது டாக்டரம்மா தழும்பை அழுத்திப் பார்த்து, "போய் ஆடுங்க" என்றார்.

ஆயுத பூஜைக்கு ஆலைகளுக்கிடையே வாலிபால் போட்டி நடந்தது. கடைசி ஆட்டம், கடைசிப் புள்ளி. மச்சான் பந்தை வலைக்கு மேலே உயர்த்தினார். ஒரு கணம் தழும்பை நினைத்துப் பயந்தேன். ஆனால் கால்கள் அதற்குள் தரையை விட்டிருந்தன. அடித்த பந்து எதிர் மூலையில் விழுந்து எகிறியது. மச்சான் ஓடி வந்து என்னை அலேக்காகத் தூக்கிவிட்டார். "எறக்கு அண்ணா, தையல் பிரியப்போவுது!" என்று கத்தினாள் மனைவி. ஒன்றும் பிரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் தோற்ற அணியின் கேப்டன் எங்களைத் தனியே கூப்பிட்டார். எங்கள் ஆபரேஷன் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. குரலைத் தாழ்த்தி, "எனக்கும் அது கீதுண்ணா. துளையா, கீறலா, எது பெஸ்ட்டு?" என்றார்.

"அத்த டாக்டரம்மா சொல்லும். நீ மொதல்ல வா" என்றார் மச்சான்.

மறுவாரம் இருவரும் லீவு போட்டு அவரைத் திருவள்ளூருக்கு அழைத்துப் போனோம்.