செஞ்சி ராஜாவும் முகையூர் மனுவும்

விழுப்புரத்தில் லூசியாவின் ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் நகல் எடுக்கப் போனவர்கள் வெறும் நகலோடு திரும்பியதாகச் சரித்திரமே இல்லை. கூடவே ஒரு கதையும் கையில் ஏறிவிடும். உலகத்தைப் பிடிக்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு இருக்கிறதல்லவா, ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டு நானூறு வருஷம் சண்டை போடுவது? ஆடி முடித்தவர்கள் ஆட்டத்தில் நடந்ததையே நிஜ வரலாறு மாதிரி எழுதி இணையத்தில் போடுவார்கள். லூசியாவுக்கு ஆடத் தெரியாது. கதை என்றால் உயிர்.

ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பாள். மல்லாட்டை வியாபாரிக்கு, அந்த வேர்க்கடலைக்காகப் பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் முப்பது வருஷம் அடித்துக்கொண்ட கதை. கல்யாணத்தைப் பதிய வந்த ஜோடிக்கு, மரக்காணத்து உப்பளத்தைச் சீதனமாகக் கேட்ட ரஷ்ய ராணியின் கதை. ஒருத்தராவது படிக்க வேண்டுமே! எல்லாம் பக்கத்து டீக்கடையில் வடை மடிக்கப் போய்ச் சேர்ந்தன.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது, செஞ்சி ராஜா கப்பல் கட்டிக்கொண்டு போய் லிஸ்பனை வளைக்கிற கதை. எழுதுகிறவர் திண்டிவனத்துக்காரர். நாற்பத்தோராம் அத்தியாயத்தில் ராஜா லிஸ்பன் கோட்டை வாசலில் நிற்கும்போது மனிதர் குண்டைத் தூக்கிப் போட்டார்: ‘லூசியா ஒருவர்தான் படிக்கிறார். மாதம் முடிவதற்குள் இன்னொரு வாசகர் வராவிட்டால் நிறுத்திவிடுவேன்.’

“அடப்பாவி! பசியும் பட்டினியுமா வாசல்ல நிக்க வெச்சிட்டுப் போறியே, வெளங்குவியா நீ?” என்று போனைப் பார்த்தே திட்டித் தீர்த்தாள் லூசியா.

அந்த வாரம் முகையூரிலிருந்து தாண்டவராயன் வந்தார். வயலுக்குப் போகிற வழியைப் பக்கத்து நிலத்துக்காரன் அடைத்துவிட்டான். தாலுகா ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும். பட்டா நகலோடு செஞ்சி ராஜா கதையின் முதல் அத்தியாயத்தையும் லூசியா கவரில் வைத்தாள்.

“அண்ணே, எல்லாப் பக்கத்துலயும் மறக்காம கையெழுத்துப் போடுங்க. இந்தக் கதைய பஸ்ல படிச்சிக்கினு போங்க.”

தாண்டவராயன் காதில் முதல் பாதிதான் விழுந்தது. ராஜா கப்பலேறும் பக்கம் வரைக்கும் பன்னிரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, பட்டாவோடு சேர்த்து ஆபீஸில் நீட்டிவிட்டார்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கடிதமும் கையுமாக ஓடி வந்தார். “இன்னாம்மா லூசியா, பேஜாராப் போச்சே! இன்னாத்த சேத்துக் குடுத்த நீ?”

லூசியா கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

‘மனுதாரரின் வயல்வழியை அளவை செய்ய உத்தரவிடப்பட்டுள்ளது. மேலும், இணைக்கப்பட்ட ஆவணம் அரசர் கப்பல் ஏறுவதுடன் முடிவுறுகிறது. எஞ்சிய ஆவணங்களை உடன் சமர்ப்பிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ முத்திரைக்குக் கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: ‘ராஜா ஊர் போய்ச் சேர்ந்தாரா?’

லூசியா பொலபொலவென்று அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைப் படமெடுத்துத் திண்டிவனத்துக்காரருக்கு அனுப்பினாள். ஐந்தாவது நிமிஷம் பதில் வந்தது: ‘எழுதுகிறேன்.’

மிச்சம் நாற்பது அத்தியாயத்தையும் மிஷின் கக்கத் தொடங்கியது. தாண்டவராயன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். மூன்றாம் அத்தியாயத்தில் பேனா நின்றுவிட்டது. லூசியா எட்டிப் பார்த்தாள்.

“ஏம்மா,” என்றார், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். “இந்தத் தளபதி ராஜாவக் காட்டிக் குடுத்துடுவான் போலகீதே?”