அருளம்பலத்தாரின் கோழிக்கூட்டுக்கு வராத நரி

இல்லைப் பிள்ளை, அந்தக் கதையை நான் எழுதமாட்டேன். மெல்பேர்னிலிருந்து மூன்று தரம் போன் எடுத்துவிட்டாய். "அங்கிள், அப்பாட நினைவு மலருக்கு அந்த நரிக் கதையை எழுதுங்கோ, எல்லாரும் சிரிக்கட்டும்" என்கிறாய். அழுகிற வீட்டிலும் ஆட்களைச் சிரிக்க வைக்கிறவன் நான் என்பது சரி. முப்பத்தோராம் நாள் சடங்கில் இந்த மலரைக் கையில் வாங்குகிற சனம் முதலில் அதைத்தான் தேடும் என்பதும் சரி. ஆனால் நிரோ, அந்தக் கதை பொய். கட்டினவன் நான். இனியும் யாரும் அதைச் சொல்லி உன் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்றுதான் எட்டாம் வகுப்புத் தாண்டாத நான் பேனை பிடிக்கிறேன்.

செய்தி வந்தபோது ஹரிஸ் பார்க்கில் ஓர் இனிப்புக் கடை வாசலில் நின்றேன். டொக்டர் தொடவே கூடாது என்ற ஜிலேபி கையில் இருந்தது. "அங்கிள், அப்பா போயிட்டார்" என்று நீ சொன்னாய். மத்தியானம் கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை என்றாய். நான் ஜிலேபியைக் கடித்தேன். ஏன் கடித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அருளம்பலத்தாரை உங்களில் பலருக்கு "நரி அங்கிள்" என்றால்தான் தெரியும். அதற்கு முந்திய ஆளைக் கொஞ்சம் சொல்கிறேன். இந்த நாட்டின் நடுப்பகுதியில், மழை என்பது பேச்சுக்கு மட்டும் இருக்கிற பாலைவனத்துச் சுரங்க நகரம் ஒன்றில் பதினைந்து வருடம் எலக்ட்ரீசியனாக இருந்தவர் அவர். அந்த வெக்கையில் பின்வளவில் கோழி வளர்த்து, அக்கம்பக்கத்து வெள்ளைக்காரருக்கு முட்டை கொடுத்தவர். தொண்ணூறுகளின் நடுவில் இங்கே பென்டில் ஹில்லுக்கு வந்து எனக்குப் பக்கத்து வீட்டுக்காரரானார். நான் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த காலம்.

எனக்கும் கோழி வளர்க்கும் ஆசை வந்தது. வேலிக்கு மேலால் கேட்டேன்.

"முதல் கோழியை வாங்காதையும் காணும். முதல் நிழலை உண்டாக்கும்" என்றார்.

"அப்ப முட்டையை நிழலோ போடும்?"

"நிழல் இல்லாட்டிக் கோழியும் போடாது."

அப்படித்தான் பேசுவார். சிரிக்கமாட்டார். ஆனால் அடுத்த சனிக்கிழமை சுத்தியலோடு வந்து நின்றார். கோடையில் தொடங்கக்கூடாது, வெயில் இறங்கின பிறகுதான் என்றார். குஞ்சு வேண்டாம், முட்டையிடப் போகிற பருவத்துப் பேடு நாலு போதும் என்றார். "கொண்டை பெரிசாப் பாத்து வாங்கும். கோழிக்கு வேர்க்காது. சூடு கொண்டையாலையும் வாயாலையும்தான் போகவேணும். காலெல்லாம் சிறகு முளைச்சது, பாக்க வடிவுதான், ஆனால் அது கம்பளி போட்டுக்கொண்டு வெயிலுக்கை நிக்கிற மாதிரி." கூட்டுக்கு மேலே தகரம் போட்டு வெள்ளை அடித்தார். பக்கங்களில் வெறும் கம்பி வலை. மேற்குப் பக்கம் மட்டும் சாக்கு கட்டி, வெயில் நாளில் அதை நனைக்கச் சொன்னார். நான் பக்கத்துக்கும் தகரம் அடிப்போமா என்று கேட்டதற்கு, "அடைச்ச கூடு பாண் சுடுற போறணை காணும். கோழியை வேகவைக்கிறதெண்டால் குசினியிலை வையும்" என்றார். என் கோழிகள் இருந்தவரை நன்றாக முட்டையிட்டன. நான் அவருக்குக் "கோழி டொக்டர்" என்று பட்டம் வைத்து, அவர் நடையை ஊரெல்லாம் நடித்துக் காட்டினேன். அவர் செய்த உதவிக்கு என் கைமாறு அது.

பிறகு ஒரு தைமாதம், இங்கே அது கடுங்கோடை. அருளம்பலத்தாரும் உன் அம்மா புவனமும் உன்னைப் பார்க்கவும், அப்படியே கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகவும் மெல்பேர்ன் புறப்பட்டார்கள். போகமுன் உன் அப்பா தன் கோழிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு தாளை என் கையில் தந்தார். பதினொரு மணிக்குச் சாக்கை நனைக்க. பன்னிரண்டரைக்குத் தண்ணீர் மாற்ற, தண்ணீர்ச் சட்டி நிழலில் இருக்க. கோழி வாய் திறந்து செட்டையை அகட்டி நின்றால் அதன் காலை மட்டும் தண்ணீரில் வைக்க, ஐஸ் தண்ணீரில் அமுக்க வேண்டாம். மூன்று மணிக்குத் திரும்ப நனைக்க.

மூன்றாம் நாள் நெருப்பாய் மேற்குக் காற்று எழும்பியது. நான் பதினொரு மணிக்குச் சாக்கை நனைத்தேன். அதற்குப் பிறகு எனக்கே தாங்கவில்லை. குளிரூட்டின கடைத்தொகுதிக்குப் போய், வழக்கமாக அங்கே இருக்கிற எங்கள் கிழட்டுக் கூட்டத்தோடு நீள வாங்கில் குந்தினேன். அரை மணித்தியாலம் என்றுதான் நினைத்தேன். சும்மா இருக்கத் தெரியாத நான், அந்தத் தாளை எடுத்து அவருடைய குரலில் வாசித்தேன். "காலை மட்டும் தண்ணீரில் வைக்க!" சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இன்னொருக்கால் என்றார்கள். இன்னொருக்கால் வாசித்தேன். நான் எழும்பும்போது மூன்று மணி கடந்துவிட்டது.

அவருடைய ஐந்து கோழியில் மூன்று சட்டியைச் சுற்றிக் கிடந்தன. சட்டி காய்ந்திருந்தது. மற்ற இரண்டையும் தண்ணீரில் கால் வைத்துக் காப்பாற்றினேன். செத்ததைப் பையில் கட்டிக் குப்பை வாளியில் போட்டேன். விடிய லொறி வந்து கொண்டுபோனது.

அவர் வந்து கூட்டைப் பார்த்தார்.

"நரி வந்திட்டுது" என்றேன். ரயில் பாதைப் பக்கம் நரி திரிகிறது எல்லாருக்கும் தெரியும்.

"நரியோ? ஒரு இறகும் கிடக்கேல்லையே."

"நான் கூட்டி அள்ளிப்போட்டன். புவனம் பாத்தால் அழும் எண்டு."

கூட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு என் தோளில் கை வைத்து, "நல்லது செய்தனீர். பெரிய உபகாரம்" என்றார்.

அங்கே நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவர் நரிக்குப் பயந்து கூட்டைச் சுற்றித் தகரம் அடித்தார். போறணை என்று எனக்குச் சொன்ன அதே மனிதன். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஆணி எடுத்துக் கொடுத்தேன். புதுப் பேடு ஐந்தும் வாங்கிவிட்டார். மாசி வெயில் ஒரே நாளில் ஏழு கோழியையும் கொண்டுபோனது. கவிழ்த்த வாளியில் இருந்துகொண்டு, "பதினைஞ்சு வருசம் பாலைவனத்திலை ஒண்டையும் சாகவிடேல்லை. இஞ்ச வந்து நானே அவிச்சுப்போட்டன்" என்றார். எனக்குச் சொல்லவில்லை. தகரத்துக்குச் சொன்னார்.

அதையும் நான் விடவில்லை. அடுத்த பொங்கல் விழாவில் மேடையேறி, பாலைவனத்தை வென்றவர் பென்டில் ஹில் நரியிடம் தோற்ற கதையை நடித்தேன். நரியாகவும் நானே, அருளம்பலத்தாராகவும் நானே. மண்டபம் அதிர்ந்தது. அன்றைக்குத்தான் பிள்ளைகள் "நரி அங்கிள்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் முன்வரிசையில் இருந்து எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார். நான் நடித்த எல்லாவற்றையும் மறந்துவிட்டேன், அந்தக் கைதட்டலை மறக்க முடியவில்லை.

ஏழும் செத்த அந்த வருடமே, வெயில் இறங்கினதும் தகரத்தைக் கழற்றி, நாலு பேட்டோடு திரும்பத் தொடங்கினார். "தெரியும் எண்டு நினைச்சது என்ரை பிழை" என்றார். அவருடைய பிழை இல்லை. இதைப் படிக்கிற எல்லாரும் கேளுங்கள்: அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் சொல்லை நம்பினது ஒன்றுதான் அவர் செய்தது. அவர் எனக்குச் சொன்ன ஒரு நன்றி என்னிடம் இருக்கிறது. எனக்கு உரியதல்லாதது. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாததால் அதை நான்தான் வைத்திருக்கவேண்டும்.

இதை அச்சுக்குக் கொடுக்கமுன் புவனத்திடம் நேரே சொல்வதுதான் முறை என்று நேற்றுப் போனேன். நாற்பத்தொரு பாகை வெயில். குசினிக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்தார்.

"புவனம், அந்த நரிக் கதை..."

"அவருக்கும் நல்ல விருப்பம் அண்ணை அந்தக் கதை. நீங்கள் சொன்னால்தான் சிரிப்பு எண்டுவார்."

"இல்லைப் பிள்ளை, அது சிரிக்கிற கதை இல்லை. அண்டைக்கு நான் வீட்டிலை நிக்கேல்லை. நரி எண்டு..."

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஐயோ, பன்னிரண்டரை ஆகுது, கோழிக்குத் தண்ணி மாத்தவேணும். இருந்து குடியுங்கோ அண்ணை, வாறன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தார்.

"நரி வரேல்லைப் புவனம், நான்..."

கதவு வந்து மூடிக்கொண்டது.