நோவாவின் மனைவியும் என் மலையாள கீபோர்டும்

சாம்ராஜ் அண்ணன் போயிட்டார்...

பாறசாலையில் என் போட்டோஸ்டாட் கடைக்குப் பக்கத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தாரே, அவர்தான். நெஞ்சுவலி. இன்று மத்தியானம் அடக்கம் முடிந்து, இப்போதுதான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

எழுத உட்கார்ந்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்புதான் முந்துகிறது. மனுஷன் அப்படி.

கல்ஃபிலிருந்து எல்லாரும் தங்கமும் சென்டும் கொண்டு வந்த காலத்தில் இவர் கொண்டு வந்தது ஒரு ஹோம் கம்ப்யூட்டர். சின்னக் கறுப்புப் பெட்டி, அதன் மேலேயே கீபோர்டு. டிவியில் மாட்ட வேண்டும். புரோகிராம் எல்லாம் சாதாரண பாட்டு கேசட்டில் இருக்கும். ஓடவிட்டால் "கீய்ய்ய்..." என்று கத்திக் கத்தி ஒரு வழியாக ஏறும்.

அதில் அவரே எழுதிய ஒரு பைபிள் க்விஸ். பதில் தப்பானால் ஸ்கிரீன் முழுக்க REPENT என்று மின்னும். மனந்திரும்பு!

ஒரு தடவை சர்ச்சில் மணியடிக்கிற கோயில்குட்டி, ரிப்பேருக்குக் கொடுத்த கீர்த்தனை கேசட் என்று நினைத்து இதை எடுத்துப்போய் விடியற்காலையில் மைக் செட்டில் போட்டுவிட்டார். குளத்தூர் பக்கம் பாதிப்பேர் இரண்டாம் வருகை என்று முழங்காலில் நின்றார்கள்.

"எனக்க புரோகிராம் ஊரு முழுக்க லோட் ஆயாச்சு" என்று அண்ணனுக்கு மட்டும் ஒரே சந்தோஷம்.

இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். கீபோர்டு கதைக்கு வருகிறேன்...

சில வருஷம் முன்பு அந்தப் பெட்டியின் கீபோர்டு செத்துப்போனது. எதை அமுக்கினாலும் ஒன்றும் வராது. அண்ணன் மனைவி ரோஸ்லெட் அக்கா கெடு வைத்துவிட்டார்.

"கிறிஸ்மசுக்குள்ள இது ஓடல்லேன்னா ஆக்ரிக்காரன விளிச்சு எடைக்குப் போடுவேன். அது இருக்க எடத்துல எனக்கு மிக்சி வைக்கணும்."

அக்கா சொன்னால் செய்வார். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

நெட்டில் தேடு தேடு என்று தேடி ஒரு அடாப்டர் வரவழைத்தார். வேறு கீபோர்டை அந்தப் பெட்டியில் மாட்டுவதற்கு. வந்து பார்த்தால், இப்போதைய யூஎஸ்பி கீபோர்டு அதில் ஏறாது. பழைய உருண்டை பின் வேண்டும்.

பாறசாலை முழுக்க அப்படி ஒன்று என்னிடம்தான் இருந்தது, என் கெட்ட நேரம். நான் ஒருத்தருக்கு அப்ளிகேஷன் அடித்துக்கொண்டிருக்கிறேன்... அடிக்கிற கீபோர்டையே உருவிவிட்டார்!

"அண்ணா, அது மலையாளம் ஒட்டினதாக்கும்!"

"அதுக்கென்ன பிள்ளே, நமக்கு ரெண்டும் தெரியும்லா. நாளைக்குக் கொண்டு வாறேன்."

அந்த நாளை வரவே இல்லை.

இங்கிலீஷ் எழுத்தெல்லாம் மலையாள ஸ்டிக்கருக்கு அடியில். அந்தப் பெட்டியில் ஒரு கீ அமுக்கினால் முழுக் கட்டளையே வரும். எனவே கேசட்டை ஏற்றுகிற LOAD வேண்டும் என்றால் 'ர' அமுக்க வேண்டும். மேற்கோள் குறிக்கு கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு 'ஜ', இரண்டு தடவை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வீட்டில் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் படித்தார்.

ஸ்டிக்கரைப் பிய்த்துவிடலாமே என்றேன். பதறிவிட்டார். "தொடாத பிள்ளே! இப்பதான் கையில ஏறிச்சு."

சர்ச் கிறிஸ்துமஸ் விழாவில் பெட்டி ஓடியது. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

முதல் கேள்வி போதகருக்கு. நோவாவின் மனைவி பெயர் என்ன?

"பைபிள்ல பேரே இல்லையே அண்ணா" என்றார் போதகர். அண்ணன் அப்படியே அடித்தார். REPENT.

சபையே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்து ஒருத்தர் சாராள் என்றார். REPENT. ரெபேக்காள் என்றார் இன்னொருவர். அவருக்கும் அதே கதி.

"பதில் உண்டு. தெரியாதது ஒங்க குற்றமாக்கும்" என்று அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அடாப்டர் எழுத்தை மாற்றி அடிக்கிறது என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். என் கீபோர்டுக்கும் திட்டு விழுந்தது. ஆனால் ரோஸ்லெட் அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பெட்டி பிழைத்தது. மிக்சி இன்றைக்கும் தரையில்தான் இருக்கிறது.

இன்று அடக்கம் முடிந்து அந்த வீட்டில் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். சொந்தக்காரர் ஒருத்தர் மெதுவாக, "இந்தச் சாதனத்த இனி யாரு ஓட்டப்போறா, ஆக்ரிக்குக் குடுத்திரலாமே" என்றார்.

"அதுல கைய வச்சா கைய ஒடிப்பேன்" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "பிள்ளே, அத ஒருக்கா ஓட்டு. பாக்கணும்."

கேசட்டைப் போட்டேன். கீபோர்டைப் பார்த்தால் பாதி ஸ்டிக்கர் தேய்ந்துபோயிருக்கிறது. இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கைப்பழக்கம்தான், LOAD எந்தக் கீ என்றுதான் தெரியாமல் விழித்தேன்.

அக்கா நாற்காலியை விட்டு எழும்பவே இல்லை. "நடு வரிசையில ர ஒருக்கா. பிறகு கன்ட்ரோல விடாம பிடிச்சிட்டு ஜ ரெண்டுக்கா. அது மேல் வரிசை, வலத்த பக்கம்."

"அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

"அவரு தெனமும் கத்துனது பின்ன சுவருக்கா கேட்டுது?"

கீய்ய்ய்... அந்த வீட்டில் காலையிலிருந்து யாரும் அவ்வளவு சத்தம் போடவில்லை. நோவாவின் மனைவி கேள்வி வந்தது.

அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "எனக்க பேர அடி பிள்ளே. இந்த மனுஷனுக்க குப்பைப் பேழைக்குள்ள இவ்வளவு காலம் குடியிருந்தது நானாக்கும்."

சும்மா தமாஷுக்குத்தான் சொன்னார். நானும் தமாஷுக்குத்தான் அடித்தேன். R-O-S-E-L-E-T.

CORRECT.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"இத வாயால சொல்லியிருந்தா என்னவாம், பாவி மனுஷா..."

போயிட்டு வாங்க அண்ணா. கீபோர்டு அங்கேயே இருக்கட்டும்.